காவடி எடுத்த கால் கங்கா தலாவ் வரை நடக்குமா?

தைப்பூசம் முடிந்து ஏழு கறிச் சாப்பாட்டு இலையை எடுத்துப் போடுவதற்குள் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். "பத்து நாள் விரதம் இருந்தேன், அலகு குத்தினேன், ஆணிச் செருப்பு போட்டுக்கொண்டு கோயில் வரை போனேன், சிவராத்திரிக்கு கிராண்ட் பாசேன் வரை நடக்க மாட்டேனா?" கிராண்ட் பாசேன் என்பது எங்கள் மொரிஷியஸ் தீவில் மலைமேல் இருக்கும் ஏரி, கங்கா தலாவ் என்பதும் அதுதான், சிவராத்திரிக்கு ஜனங்கள் நடந்து போவது அங்கேதான். நடப்பீர்கள், தாராளமாக நடக்கலாம். ஆனால் காவடி எடுத்தவன் என்ற தைரியம் ஒன்றை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு கிளம்புகிறவர்கள்தான், நான் பார்த்தவரை, வழியில் வரும் வாக்வா ஊரைத் தாண்டுவதற்குள் ரோட்டோரம் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தடவை கூட காவடி எடுக்காத, பீகார் பக்கத்திலிருந்து வந்த போஜ்புரிக் குடும்பத்துப் பாட்டிமார்கள் அவர்களைத் தாண்டி மெதுவாகப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

காரணம் எளிது. காவடியில் வலி என்பது நேர்த்திக்கடனின் ஒரு பகுதி. அதைக் கொடுப்பவர் தெரிந்தவர், எங்கே குத்த வேண்டும் என்று அறிந்தவர், சுற்றிக் குடும்பம் நிற்கிறது, மேளம் இருக்கிறது, அரோகரா இருக்கிறது, ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை சில கிலோமீட்டர்தான், மத்தியானத்துக்குள் பாலை அபிஷேகத்துக்குக் கொடுத்துவிடலாம். நீண்ட நடையில் வரும் வலிக்கு அப்படி எந்த மரியாதையும் கிடையாது. அது உடம்பு சொல்லும் தகவல். குதிகாலில் கொப்புளம் வந்தால் அது முருகனுக்கும் வேண்டாம், சிவனுக்கும் வேண்டாம். அதைப் பொறுத்துக்கொண்டு நடப்பதைப் பக்தி என்று நம் ஆட்கள் எடுத்துக்கொள்வதுதான் எனக்கு ஆகாத விஷயம், இந்தப் பதிவு முழுக்க அதைத்தான் சொல்லப் போகிறேன்.

தமிழ்நாட்டில் இந்த இரண்டும் ஒரே விழாவில் சேர்ந்தே இருந்தவை. தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து நகரத்தார் காவடியோடு நாள்கணக்கில் பழனிக்கு நடக்கிறார்கள், இன்றைக்கும். எங்கள் முன்னோர்கள் மொரிஷியஸுக்கு வந்தபோது காவடி வந்தது, அலகு வந்தது, பால்குடம் வந்தது. நாள்கணக்கில் நடப்பது மட்டும் வரவில்லை. 65 கிலோமீட்டர் நீளமும் 45 கிலோமீட்டர் அகலமும் உள்ள தீவில், கரும்புத் தோட்டத்தில் முதலாளி கொடுத்த ஒரு நாள் லீவில், எங்கே போய் நடப்பது? பக்கத்து ஆறு, பக்கத்துக் கோயில், அவ்வளவுதான். நீண்ட நடையை இந்தத் தீவில் போஜ்புரி பேசும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் உண்டாக்கினார்கள். வடக்கே த்ரியோலேயில் இருந்த ஒரு பூசாரி, மலைமேல் இருக்கும் அந்த ஏரியில் கங்கை ஊறுவதாகக் கனவு கண்டார் என்பது கதை. 1898-இல் அவரோடு ஒரு சிறு கூட்டம் காடும் பாதையுமாக அங்கே நடந்து போனது. பிறகு 1972-இல் இந்தியாவிலிருந்து கங்கை நீர் கொண்டுவந்து அதில் ஊற்றினார்கள், அதிலிருந்து கங்கா தலாவ் என்ற பெயர் நிலைத்தது. ஆகவே நாம் இந்த நடைக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு, அவர்களிடமே கேட்கலாம், வாய் நிறையச் சொல்வார்கள்.

முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். தைப்பூசத்துக்கும் சிவராத்திரிக்கும் இடைவெளி எல்லா வருடமும் ஒன்றல்ல. 2024-இல் தைப்பூசம் ஜனவரி 25, சிவராத்திரி மார்ச் 8, நடுவில் ஆறு வாரம் இருந்தது. 2025-இல் பிப்ரவரி 11-க்கும் 26-க்கும் நடுவில் இரண்டே வாரம். இரண்டு வாரம் உள்ள வருடங்களில், அலகு குத்தியவர்கள் யோசிக்க வேண்டும். நாக்கும் கன்னமும் சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் முதுகிலும் மார்பிலும் கொக்கி போட்ட இடம் அவ்வளவு சீக்கிரம் ஆறாது, அதன்மேல் தோள்பையின் பட்டை ஒரு ராத்திரி முழுக்க வியர்வையோடு உரசினால் சீழ் வைத்துவிடும். அந்த வருடம் தோளில் எதுவும் மாட்டாதீர்கள், இடுப்புப் பை போதும். ஆணிச் செருப்பு போட்டவர்கள் உள்ளங்காலைப் பகல் வெளிச்சத்தில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். சரியாக ஆறவில்லை என்றால் அந்த வருடம் விட்டுவிடலாம், அடுத்த மாசியும் வரும்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஆனால் ஒன்றுமே இல்லாமலும் கூடாது. நான் எல்லோருக்கும் சொல்வது லாவால் பாதிரியார் நடையை. 1864 செப்டம்பர் 9 அவர் இறந்த நாள். வருடா வருடம் அதற்கு முந்தைய ராத்திரி தீவின் எல்லா மூலையிலிருந்தும், தலைநகர் போர்ட் லூயிஸ் ஓரத்தில் இருக்கும் சேன்ட் க்ருவாவில் உள்ள அவருடைய கல்லறைக்கு ஜனங்கள் நடக்கிறார்கள். கிறிஸ்தவர்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள், நம் ஆட்கள் நிறைய, முஸ்லிம்களும் சீனர்களும் கூட. என் அத்தை வருடா வருடம் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அந்தப் பக்கம்தான் கைலாசோன் என்று நாங்கள் சொல்லும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலும் இருக்கிறது என்பதால், அங்கேயும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வருவார். செப்டம்பர் என்றால் குளிர்காலம் முடிகிற நேரம், வெயில் கிடையாது, ரோஸ் ஹில்லிலிருந்து போனால் பெரும்பாலும் இறக்கம். ராத்திரியில் நடந்தால் உங்கள் உடம்பு எப்படி இருக்கும், தூக்கம் எந்த மணிக்கு அமுக்கும், எந்தச் செருப்பு எங்கே கடிக்கும் என்பதெல்லாம் அந்த ஒரு ராத்திரியில் தெரிந்துவிடும். அப்புறம் ஐந்து மாதம் கையில் இருக்கிறது.

கால். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

கொப்புளம் மூன்று விஷயம் சேர்ந்து வருவது: ஈரம், சூடு, உரசல். எங்கள் பிப்ரவரி மழையில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. ஊறிய தோல் சீக்கிரம் பிய்ந்துவிடும். அதனால் கிளம்புவதற்கு முன் விரல் இடுக்கிலும் குதிகாலிலும் வாஸ்லின் தடவி, மெல்லிய காலுறை ஒன்று, அதன்மேல் கொஞ்சம் தடித்தது ஒன்று போடுங்கள். இரண்டு காலுறையும் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும், தோல் தப்பிக்கும். மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள், நனைந்தவுடன் மாற்றுங்கள், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். ஷூ புதிதாக இருக்கக் கூடாது, ஒரு மாதமாவது வேலைக்கும் கடைக்கும் போட்டுப் பழகியதாக இருக்க வேண்டும், விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடமும் வேண்டும், ஏனென்றால் நடக்க நடக்கப் பாதம் வீங்கும். நகத்தை இரண்டு மூன்று நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள், கிளம்பும் அன்று வெட்டினால் ஓரம் குத்தும். எங்கேயாவது சுருக்கென்று சூடாக உணர்ந்தீர்கள் என்றால் அந்த நிமிடமே நின்று, ஷூவைக் கழற்றி, துடைத்து, அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டுங்கள். கூட வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். ஐந்து நிமிடம் நிற்க வெட்கப்பட்டு ஐந்து நாள் நொண்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கொப்புளம் வந்தே விட்டால், சின்னதாக இருந்தால் மூடி ஒட்டிவிட்டு விடுங்கள். பெரிதாகி அழுத்தினால் மட்டும் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியவிடுங்கள், மேல் தோலை மட்டும் உரிக்காதீர்கள், அதைவிட நல்ல கட்டு எந்த மருந்துக் கடையிலும் கிடையாது.

நாங்கள் சவாத் என்று சொல்லும் ரப்பர் செருப்பிலேயே முழுத் தூரமும் நடக்கும் தொந்தோன்மார்கள், அதாவது மாமா என்று நாங்கள் கூப்பிடும் பெரியவர்கள், இருக்கிறார்கள். பார்த்து ஆசைப்படாதீர்கள், அவர்கள் வருடம் முழுவதும் அதில்தான் நடக்கிறார்கள். சவாத் ஒன்று பையில் இருக்கட்டும், ஓய்வெடுக்கும்போது காலுக்குக் காற்று வேண்டும்.

வெறுங்கால் என்று வேண்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை, கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். இந்தத் தீவில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. நம் வீடுகளில் இல்லாத வீடே இல்லை. நீரிழிவு பல வருடம் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைகிறது, கண்ணாடித் துண்டு குத்தினால் கூடத் தெரியாது, தெரியும்போது புண் ஆழமாகிவிடும், அதற்கப்புறம் கதை ஆஸ்பத்திரியில் எங்கே போய் முடிகிறது என்று நம் எல்லோருக்கும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ காட்டியிருக்கிறார். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. வேண்டுதலை மாற்றிக்கொள்ளலாம், அர்ச்சகரைக் கேளுங்கள், ஏரிக்கரையில் கடைசி நூறடி மட்டும் செருப்பைக் கழற்றலாம் என்பார். மாத்திரையும் ஊசியும் போடுகிறவர்கள் விரதத்தோடு இவ்வளவு தூரம் நடப்பதற்கு முன் டாக்டரிடம் பேசியே ஆக வேண்டும், சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். பையில் இனிப்பு வேண்டும்.

தூரம் என்று பார்த்தால் த்ரியோலேயிலிருந்து வருகிறவர்களுக்கு 50 கிலோமீட்டரை ஒட்டி வரும். நாங்கள் ரோஸ் ஹில்லில் சேர்ந்துகொள்வதால் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான். அதை வைத்து யாரும் யாரையும் அளக்க வேண்டாம். ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போர்ட் லூயிஸிலிருந்து ஏறிக்கொண்டே போவது கண்ணுக்குத் தெரியாது, ரோடு நேராக இருப்பது போலத்தான் இருக்கும், கெண்டைச் சதைக்கு மட்டும் தெரியும். போ பாசேன், ரோஸ் ஹில், காத்ர போர்ன் வரை கடைவீதியும் வெளிச்சமும் கூட்டமும் இருக்கும், கோர் தெ கார்த் மலையைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே அரட்டையடித்துக்கொண்டு வேகமாகப் போய்விடுவோம். அந்த வேகம்தான் ஆபத்து. வாக்வா தாண்டி லா மரி, அப்புறம் மார் ஓ வாக்வா நீர்த்தேக்கம், அதற்கப்புறம் வீடு கிடையாது, பைன் மரமும் மூடுபனியும்தான். பெத்ரேன் சந்திப்பில் திரும்பும் வரை ரோடு முடிவதே இல்லை. எவ்வளவு வெயில் காலமாக இருந்தாலும் அந்த உயரத்தில் நனைந்த சட்டையோடு விடியற்காலை மூன்று மணிக்குப் பல் தந்தியடிக்கும். மழைச்சட்டையும் காய்ந்த பனியன் ஒன்றும் இல்லாமல் போகாதீர்கள்.

அந்த இடத்தில்தான் இன்னொன்றும் தெரியவரும். காவடி எடுக்கும்போது ஊரே நம்மைப் பார்க்கிறது, போட்டோ எடுக்கிறார்கள், காலில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நீர்த்தேக்கம் தாண்டி இருட்டில் நடக்கும்போது யாரும் உங்களைப் பார்க்கவில்லை. முன்னால் போகிறவரின் முதுகு, பின்னால் யாரோ ஒருவரின் செருப்புச் சத்தம், அவ்வளவுதான். எனக்கு அது பிடித்திருக்கிறது. என் அக்கா மகனுக்கு முதல் தடவை சுத்தமாகப் பிடிக்கவில்லை, "மாமா, போனில் பாட்டுப் போடட்டுமா" என்று கேட்டுக்கொண்டே வந்தான். போடு என்றேன். அவனவன் நடை அவனவனுக்கு. சத்தமாக மட்டும் வைக்காதே, காதில் மாட்டிக்கொள், ஒரு காதை மட்டும் திறந்து வை, பின்னால் கார் வரும்.

கார் என்றதும் நினைவுக்கு வருகிறது, பளிச்சென்று தெரியும் மஞ்சள் மேலாடை எல்லோருக்கும் வேண்டும், குழந்தைகளுக்குக் கட்டாயம். போலீஸ் எந்தப் பக்கம் போகச் சொல்கிறார்களோ அந்தப் பக்கம் போங்கள். கான்வர்களை, அதாவது குழுக்கள் அலங்கரித்துக் கொண்டுவரும் பெரிய சட்டங்களை, ஒட்டி நடக்காதீர்கள். மூங்கிலிலும் மரத்திலும் அழகாகச் செய்கிறார்கள், வாரக்கணக்கில் இளைஞர்கள் ராத்திரி கண் விழித்துச் செய்வது, அதைக் குறை சொல்ல நான் யார். ஆனால் வருடத்துக்கு வருடம் உயரமும் அகலமும் கூடி, தள்ள முப்பது பேர் வேண்டும் என்ற நிலைக்கு வந்ததில் பக்தியை விடப் பக்கத்து ஊரோடு போட்டிதான் அதிகம் என்பது என் எண்ணம். 2024 மார்ச்சில், சிவராத்திரிக்குச் சில நாள் முன்னால், ஒரு கான்வர் மேலே போகும் மின்கம்பியில் பட்டுத் தீப்பிடித்து 6 பேர் இறந்துபோனார்கள். தோளில் தூக்கும் அளவுக்குச் சின்னதாகக் கட்டிக்கொண்டு வரும் குழுக்களும் இருக்கிறார்கள், சேர்வதென்றால் அவர்களோடு சேருங்கள்.

புயல் காலம் இது. 2023-இல் சிவராத்திரி பிப்ரவரி 18. இரண்டே நாளில் ஃப்ரெடி புயல் தீவின் வடக்கை ஒட்டிக் கடந்தது. புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிடுங்கள், அதில் விவாதமே வேண்டாம். எச்சரிக்கை இல்லாத நாளிலும் கனமழை என்றால் ரோடு ஆறாகிவிடும், உயரமான இடத்தில் நின்றுவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். வழி நெடுகப் பந்தல் போட்டு எலுமிச்சைச் சாறு, டீ, பழம், ரொட்டி, சில இடத்தில் சுடச்சுட தால் பூரி, எல்லாம் இலவசம். நம் ஆட்களுக்கு இங்கே ஒரு கூச்சம் உண்டு, இலவசமாக வாங்கிச் சாப்பிடுவதா என்று. வாங்குங்கள். அந்தப் பந்தலில் நிற்கிறவருக்கு அதுவே யாத்திரை, நீங்கள் வேண்டாம் என்றால் அவர் முகம் வாடிப்போகிறது. ஆனால் கொடுக்கும் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், ஒரு பந்தலில் பாதி வாழைப்பழம், அடுத்ததில் அரை டம்ளர் டீ என்று போகலாம். பெரும்பாலான பந்தல்களில் கொடுப்பது இனிப்பு, வியர்வையில் போவது உப்பு. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தாலும் தலை சுற்றும், வாந்தி வரும். ஒரு லிட்டர் நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும், எல்லாம் தலைதட்டி அளந்து, கலந்து ஒரு பாட்டில் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், உப்பு கூடிவிடாமல் பாருங்கள். ரத்த அழுத்த மருந்து சாப்பிடுகிறவர்கள் உப்பைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வலிக்கு ஐபுப்ரொஃபென் வகை மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீர் குறைந்த உடம்பில் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலிக்கிறதா, உட்காருங்கள்.

யாரோடு போவது என்று கேட்டால், உங்களைவிட மெதுவாக நடக்கிறவரோடு. அவர் வேகம்தான் குழுவின் வேகம். எங்கள் தெருவில் ஒரு போஜ்புரித் தொந்தோன் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர், எந்தப் பந்தலிலும் உட்காராமல், எந்த இடத்திலும் வேகமெடுக்காமல், நின்றபடியே டீயைக் குடித்துவிட்டு அதே அடியில் போவார். அவரோடு போன வருடங்களில் எனக்குக் காலே வலித்ததில்லை என்று சொல்லலாம். "நீ ஏன் ஓடுகிறாய், ஏரி எங்கேயும் போகாது" என்பார் கிரியோலில்.

ஏரிக்குப் போய்ச் சேர்ந்ததும், 33 மீட்டர் உயரச் சிவன் சிலை முன்னால் போட்டோ எடுப்பதற்கு முன், காலைத் துடைத்துக் காலுறை மாற்றுங்கள். படிக்கட்டு வழுக்கும். குரங்குகள் பூசைப் பழத்தைக் கையிலிருந்தே பிடுங்கும், பையை மூடி வையுங்கள். வந்தவர்களில் பலர் அங்கே முடித்துக்கொள்வதில்லை, செம்பில் நீர் மொண்டு தங்கள் ஊர்ச் சிவாலாவுக்குக் கொண்டுபோய் சிவராத்திரி அன்று நாலு ஜாமமும் அபிஷேகம் செய்கிறார்கள், சிலர் திரும்பவும் நடந்தே. நீங்கள் நடந்து திரும்ப வேண்டாம். சிறப்புப் பேருந்துகள் ஓடும், சில்லறையைக் காய்ந்த பையில் தனியாக வையுங்கள். யாரையாவது காரில் வரச் சொல்லியிருந்தால் ஏரி வரை வரச் சொல்லாதீர்கள், அந்த நெரிசலில் உள்ளே வந்த கார் வெளியே போக மூன்று மணி நேரம் ஆகும். ராத்திரி முழுக்க நடந்த ஆள் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவே கூடாது. கால் பிரேக்கில் இருக்கும், கண் மூடியிருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இந்த வருடம் முடியாது, காலில் புண் இருக்கிறது, முழங்கால் சரியில்லை என்று தோன்றுகிறவர்களுக்கு: நடுராத்திரிக்கு மேல் எந்தப் பந்தலிலும் ஆள் பற்றாக்குறைதான். சாயங்காலம் எல்லோரும் வந்து நின்றுவிடுகிறார்கள், அவசியமே இல்லாமல் இருபது பேர் டம்ளர் நீட்டுவார்கள். ராத்திரி ஒரு மணிக்கு மேல் எலுமிச்சை பிழிய, பெரிய பாத்திரம் கழுவ, டீக்கு அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஒருவர் கிடைக்க மாட்டார். அந்த நேரத்துக்குப் போங்கள். தமிழ்க் குடும்பமா என்று யாரும் கேட்க மாட்டார்கள், கத்தியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரு ஸ்டூல் மட்டும் வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள், அங்கே இருக்காது.